லாயத்தில் ஒரு குதிரை, களத்தில் ஒரு வண்டி

(இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு மாணவி)

செஞ்சி என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தேசிங்கு ராஜா ஊரா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி அவன் குதிரையைப் பற்றியதாக இருக்கும். எவராலும் அடக்க முடியாத பாராசாரியை இளைஞன் தேசிங்கு அடக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சிங்கவரத்துக் குழந்தைகளுக்கு அந்தக் கதை சோற்றோடு சேர்த்து ஊட்டப்படுவது. எங்கள் ஊர்க் குன்றில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதர் தேசிங்கின் குலதெய்வம் என்றும், போருக்கு விடைகேட்டு அவன் வந்து நின்றபோது "இன்று போகாதே" என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் பாட்டிமார் சொல்வார்கள். பல்லவர் காலக் குடைவரையில், பாறையிலேயே செதுக்கிய ஏறத்தாழ 24 அடி நீளத் திருமேனியின் முகம் சற்றே திரும்பியிருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள்.

வரலாறு சொல்வது சுருக்கமானது. 1714-ல் தந்தை சொரூப்சிங் இறந்தபின் தேசிங்கு கோட்டைக்கு உரிமை கொண்டாடினான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தர மறுத்தான். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு சிறு குதிரைப்படையோடு பெரும்படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டான். வயது 22 என்பர். முன்னூறு ஆண்டுகள் கடந்தும் அவன் பெயர் வாழ்கிறது. அந்தக் குதிரையின் பெயரும் வாழ்கிறது.

ஆனால் நண்பர்களே, அந்தக் குதிரைக்குப் புல் கொண்டுவந்த வண்டி எது? கொள்ளு சுமந்த மாடு எது? எந்தக் கூத்திலும் அவற்றுக்கு ஒரு விருத்தம்கூட இல்லை. கோட்டையோ இரண்டையும் மறக்கவில்லை. இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அருகே லாயம் என்று காட்டப்படும் நீண்ட கட்டடம் இருக்கிறது. மலைபோன்ற சுவர்களோடு நெற்களஞ்சியமும் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயர் செஞ்சியை முற்றுகையிட்டார்களே, அதன் நடுவில் நிகழ்ந்தது என்ன? 1692-ன் இறுதியில் மராத்தியக் குதிரைப்படை வந்து சூழ்ந்து தானியம் வரும் வழியை அடைத்துவிட்டது. பசி தாங்காமல் 1693-ன் தொடக்கத்தில் முகலாயப் படைத்தலைவர் சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. அந்த ஆண்டு பாளையத்தின் விதியை முடிவு செய்தது தானியப் பொதி. 2025 ஜூலையில் மராத்தியரின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது நம் வகுப்பில் எல்லோரும் கைதட்டினோம். நான் மட்டும் மனத்துக்குள் அந்தக் களஞ்சியத்துக்காகத் தனியே ஒருமுறை தட்டிக்கொண்டேன். காரணம் எங்கள் வீட்டில் இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு பாராசாரி உண்டு. நான்கு கால்களுக்குப் பதில் நான்கு சக்கரங்கள்.

என் அண்ணன் சென்னையில் ஒரு கார் பட்டறையில் மெக்கானிக். விபத்தில் நொறுங்கி, கேட்பாரற்று, பட்டறையின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு சிறு காரை அவன் முதலாளி சம்பள பாக்கிக்குப் பதிலாக அவனுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டே இருக்கை; தலைக்கு மேலே மடக்கிவிடும் துணிக்கூரை; கண்ணாடியிழையால் செய்த உடல். நம் நாட்டிலேயே மிகக் குறைவாகச் செய்யப்பட்டு நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார் அது. பெயர் இங்கு வேண்டாம். நான்கு ஆண்டுகள் இரவில் உட்கார்ந்து அண்ணன் அதைச் சீராக்கினான். சிவப்பு வண்ணம் அடித்தான். அதை ஓட்டிக்கொண்டு அவன் முதன்முதலாக ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, தேர் வந்ததுபோல் தெருவே திரண்டுவிட்டது. எங்கள் வீட்டு நாய் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் காரின் உயரம் என் இடுப்பைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். உள்ளே உட்காருவது என்பது ஏறுவது அல்ல, இறங்குவது. கிணற்றில் கால் வைப்பதுபோல் ஒரு காலை விட்டு, பிறகு உடலைச் சாய்த்து, கடைசியில் மற்றொரு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அண்ணனைக் கேட்டேன். "வைக்கோல் வண்டியை நினைச்சுப் பாரு பாப்பா. உயர ஏத்தினா வளைவுல இன்னா ஆவும்?" என்றான். குடை சாயும். பாரம் தரையோடு தரையாக இருந்தால் சாயாது. எடை குறைவு, உயரம் குறைவு, சக்கரங்களுக்கிடையே அகலம் அதிகம். வேகமாக வளைவைக் கடக்கும் வண்டிக்கு இலக்கணம் இதுதான். எந்தத் தாழ்வு அதற்கு வேகத்தில் பெருமையோ, அந்தத் தாழ்வே வயதானவர்களுக்கும் மேடுபள்ளமான தெருவுக்கும் பகையாகிவிடுகிறது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் இடது காலும் இடது கையும் விறைத்துப்போயின. இரண்டு ஏக்கர் மணிலாக் கொல்லையை விடியற்காலையில் இரண்டு சுற்று சுற்றி வருகிறவர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துப்போக வேண்டும். போக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பேருந்தின் படி அவருக்கு மலை. வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு எட்டு நடை என்றால் 12,000 ரூபாய். கொல்லை அவ்வளவு தராது.

அப்போதுதான் வீட்டில் வழக்குத் தொடங்கியது. புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்து சிவப்புக் காருக்கு மூன்றரை லட்சம் தருவதாகச் சொன்னார். மாமா உடனே கணக்குப் போட்டார். அம்மா கட்டி எடுத்திருந்த சீட்டுப் பணம் 1,60,000. அண்ணன் கையிருப்பு 60,000. இந்த மூன்றரை லட்சத்தையும் சேர்த்தால் ஒரு புதிய காரே வாங்கிவிடலாம். "வீட்டுல நோயாளி கெடக்கறாரு. ரெண்டு பேர் குந்தற வண்டிய வெச்சிக்கினு பூசையா பண்ணப் போறீங்க?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே வித்துடலாம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

தடுத்தவர் அப்பா. வாய் இன்னும் சரியாகத் திரும்பாத நிலையில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "காளைய வித்தா காசு வரும்டா. அந்தக் காளையே திரும்பி வராது." பிறகு என்னைக் காட்டினார். "சீட்டுப் பணம் பாப்பா படிப்புக்குக் கட்டினது. அது சொல்றதுதான் முடிவு."

அந்தச் சீட்டு என் பி.எட். படிப்புக்காக அம்மா மாதாமாதம் கட்டியது. எனவே தீர்ப்பு என் தலையில் விழுந்தது. ஒரு புதிய காரா? அல்லது சிவப்புக் காரை விற்காமல், கையில் இருக்கும் 2,20,000 ரூபாய்க்குள் அதற்குத் துணையாக ஒரு பழைய காரா?

அப்பா காளை என்று சொன்னதற்குப் பொருள் எனக்குத் தெரியும். தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று பார வண்டி. எருவும் வைக்கோலும் மணிலா மூட்டையும் ஏற்றிச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போவது. மற்றொன்று வில்வண்டி, கூண்டு கட்டி, மெத்தை விரித்து, சலங்கை கட்டிய இரண்டு காளைகள் பூட்டித் திருவண்ணாமலை தீபத்துக்கும் உறவுக்காரர் கல்யாணத்துக்கும் போவது. வில்வண்டிக் காளையைப் பாரத்துக்குப் பூட்டமாட்டார் தாத்தா. பார வண்டி மாட்டை ஓட்டத்துக்கு விரட்டவும் மாட்டார். இரண்டுக்கும் தனித் தொழுவம், தனித் தீனி. ஒரு வறட்சியில் வில்வண்டிக் காளைகளை அப்பா விற்க நேர்ந்தது. வண்டி மட்டும் கொட்டகையில் நின்றது. கரையான் அரித்துக் கடைசியில் அதன் சக்கரம் அடுப்புக்குப் போனது. அப்பா அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் எங்கேயாவது சலங்கை ஒலி கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். அதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் முடிவைச் சொல்ல ஒரு வாரம் கேட்டேன். அந்த வாரம் நான் தேடிப் படித்தவை எனக்குத் துணிவு தந்தன. அவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் காரும் அன்றாடக் காரும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்று நாம் நினைக்கிறோம். அவற்றின் பிறப்பை ஆராய்ந்தால் அவை தாயும் மகளும். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இருந்தது. 1961 முதல் அது தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டாக்டர்களும் பேராசிரியர்களும் வைத்திருந்த அடக்கமான குடும்பக் கார். இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-ல் வெளியிட்டார்கள், டிரயம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை! இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. ஜெர்மனியில் சாமானியர்களுக்கென்று வோக்ஸ்வேகன் காரை வடித்தவர் பெர்டினாண்டு போர்ஷே. அவர் மகனின் முயற்சியில் 1948-ல் பிறந்த முதல் போர்ஷே கார், அந்த எளிய வண்டியின் உறுப்புகளைக் கொண்டே உருவானது. இத்தாலியின் லம்போர்கினியோ முதலில் செய்து விற்றது டிராக்டர். 1963-க்குப் பிறகுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, நாட்டின் நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிவைத்தது. 796 சி.சி. கொள்ளளவுள்ள அதன் மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பந்தய வண்டியில் பொருத்தி 'பார்முலா மாருதி' என்ற வகையையே உண்டாக்கினார் கோவையின் கரிவரதன். பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிட்ட அதே எஞ்சின் பந்தயத் தடத்தில் கர்ச்சித்தது. 2005-ல் உலகின் உயர்ந்த பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது இந்தப் பார்முலா மாருதியைத்தான். அதற்கும் முன்னால், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. அங்கே பியட்டும் ஹெரால்டும்கூடப் பந்தயத்தில் ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது.

ஆகவே குதிரையை விற்றுத்தான் வண்டி வாங்க வேண்டும் என்பது இல்லை. ஆனால் குதிரை லாயத்தில் நிற்க வேண்டுமென்றால் களத்தில் ஒரு வண்டி உழைத்தாக வேண்டும். அதுவும் எந்த வண்டி? இங்கேதான் சிந்தனை தேவைப்பட்டது.

எங்கள் தேவைகளைத் தாளில் எழுதினோம். முதல் தேவை, அப்பா ஏறி இறங்க வேண்டும். இரண்டாவது, அம்மாவின் இரண்டு மணிலா மூட்டைகளுக்கு இடம் வேண்டும். மூன்றாவது, எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடியதாக, உதிரிப்பாகம் செஞ்சிக் கடைத்தெருவிலேயே கிடைப்பதாக இருக்க வேண்டும். நான்காவது முக்கியமானது. ஓட்டப்போவது நான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். ஆகவே நான் ஓட்டக் கூடியதாக இருக்க வேண்டும். வேகம், அழகு, புதுமை ஆகிய மூன்றும் அந்தத் தாளில் இல்லை. அவை ஏற்கெனவே சிவப்பு நிறத்தில் வாசலில் நின்றுகொண்டிருந்தன! இரண்டாவது வண்டி அவற்றையெல்லாம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. துணை வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் பெரிய விடுதலை இதுதான்.

உயரத்தை எப்படி நிர்ணயிப்பது? அப்பா சிரமமின்றி எழுந்து நிற்பது தன் கயிற்றுக் கட்டிலிலிருந்து. அதன் உயரத்தை அளந்தேன், 21 அங்குலம். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த ஒவ்வொரு காரிலும், விலை கேட்பதற்கு முன் இருக்கையின் உயரத்தை நாடாவால் அளந்தேன். திண்டிவனத்துத் தரகர் ஒருவர், "கார் வாங்க வந்தீங்களா, ரவிக்கை தைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது கேட்டபடி இருக்க, என் நாடா சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாருதி 800 பார்த்தோம். விலை மலிவு, பராமரிப்பு எளிது. ஆனால் இருக்கை தாழ்வு. அம்பாசடர் பார்த்தோம். அப்பாவின் கண் அதில்தான். அகன்ற கதவு, சோபாவைப்போன்ற இருக்கை. ஆனால் அதன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. எரிபொருள் செலவு அதிகம். அதன் ஸ்டியரிங்கைத் திருப்ப என் கைக்கு வலு போதாது. டாட்டா நானோவின் இருக்கை உயரம் நன்றாகவே இருந்தது. ஆனால் தொடக்ககால நானோவுக்குப் பின்கதவு திறக்காது. மூட்டையைப் பக்கக் கதவு வழியாக அல்லவா திணிக்க வேண்டும்! ஆம்னி வேன் மூட்டைக்கு நன்று. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவும் நன்று. ஆயினும் ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் தகரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. புதிய பாதுகாப்பு விதிகள் வந்த 2019-ல் அதன் உற்பத்தி முடிந்ததற்கு அதுவே காரணம். நோயாளியையும் தங்கையையும் அதில் அனுப்பமாட்டேன் என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டான்.

கடைசியில் விழுப்புரத்தில் ஒரு வேகன் ஆர் கிடைத்தது. 2012-ல் செய்தது. பெட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் வண்டி. இருக்கையை அளந்தேன், கட்டிலுக்கும் அதற்கும் அரை அங்குலமே வேறுபாடு. அப்பா பின்புறமாகத் திரும்பி நின்று, உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். யாரும் அவரைத் தொடவில்லை. அந்த ஆடிக்குப் பிறகு யார் கையும் படாமல் அவர் ஒரு வண்டியில் உட்கார்ந்தது அன்றுதான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைப் பார்ப்பதுபோல் குனிந்தான்.

வாங்குவதற்கு முன் அப்பா சோதனை நடத்தினார். மாடு பிடிக்கும் சட்டங்களே காருக்கும் என்பது அவர் கட்சி. மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பதுபோல் டயரைப் பார்த்தோம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 3519 என்றிருந்தால் 2019-ன் 35-ஆம் வாரத்தில் செய்தது. மாட்டைப் படுக்கவைத்து எழுப்பிப் பார்ப்பதுபோல், எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் எழுப்பிப் பார்த்தோம். விற்பவர்கள் நாம் போவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவதுண்டு. பானெட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும். ஆயில் மூடியைக் கழற்றி அடியில் பார்த்தோம். பால் ஆடைபோல் வெள்ளையாகப் படிந்திருந்தால் எண்ணெயில் நீர் கலக்கிறது என்று பொருள். நடக்கவிட்டுப் பார்ப்பதுபோல் மேடு, பள்ளம், வளைவு மூன்றிலும் ஓட்டினோம். கடைசியாக, மாடு யார் வீட்டில் வளர்ந்தது என்று கேட்பதுபோல் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தோம். ஒரே உரிமையாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "வாத்தியார் வீட்டு மாடு முட்டாது, ஆனா பட்டினி கெடந்திருக்கும். ஆயில மாத்திடு" என்றார் அப்பா. 1,95,000 ரூபாய்க்கு முடிந்தது.

இரண்டு கார் என்றால் இரட்டைச் செலவல்லவா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டாயக் காப்பீட்டுக்கு 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். வேகன் ஆரின் எஞ்சின் 998 சி.சி.; ஆகவே சிறிய கட்டணம். சிவப்புக் காருக்குப் பெரிய கட்டணம். பதினைந்து ஆண்டு கடந்துவிட்டதால் அதற்குப் பதிவைப் புதுப்பித்து, ஐந்தாண்டுக்கொருமுறை தகுதிச் சோதனைக்கும் காட்ட வேண்டும். இந்தச் செலவெல்லாம் அண்ணனுடையது. தவிர, என் படிப்புப் பணத்தில் எடுத்ததை மாதம் 5,000 வீதம் அம்மாவிடம் திருப்பிக் கட்டுகிறான். நாள்காட்டியின் பின்பக்கத்தில் அம்மா கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். இதுவரை எட்டுக் கோடுகள். வாடகைக் காருக்குப் போன 12,000 ரூபாய் இப்போது பெட்ரோலுக்கு அதில் பாதிக்கும் குறைவாகப் போகிறது.

இன்னொரு லாபம் கணக்கில் வராதது. சிவப்புக் கார் நீண்டநாள் வாழும். தினசரி வேலைக்கு அதையே இழுத்திருந்தால், எங்கள் தெருவின் பள்ளங்களில் அதன் அடிவயிறு இடித்து, ஓராண்டுக்குள் மீண்டும் வேப்பமரத்தடிக்கே போயிருக்கும். பார வண்டிக்கு வேறு மாடு இருந்ததால்தான் வில்வண்டிக் காளைகள் பளபளவென்று இருந்தன என்பதைத் தாத்தா அறிந்திருந்தார்.

திண்டிவனத்தில் ஓட்டுநர் உரிமம் வாங்கினேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு. நம் துறைத்தலைவர் பெரிய மனத்தோடு அனுமதித்தார். எங்கள் தெருவில் கார் ஓட்டும் முதல் பெண் நான். முதல் மாதம் திண்ணைகளிலிருந்து பார்வைகள் வந்தன. இரண்டாவது மாதம் அறிவுரைகள் வந்தன. மூன்றாவது மாதம், "பாப்பா, முண்டியம்பாக்கம் போறச்ச என்னையும் இட்டுக்கினு போறியா? கண்ணு காட்டணும்" என்று பக்கத்து வீட்டு ஆயா வந்து நின்றார். இப்போது பின்னிருக்கை காலியாகப் போவதே இல்லை. சிவப்புக் காரால் ஊரை வேடிக்கை பார்க்க வைக்க முடிந்தது. இந்தச் சாம்பல் நிறப் பெட்டியால் ஊருக்கு ஒரு வேலை நடக்கிறது.

அதற்காகச் சிவப்புக் காரின் மதிப்பு குறைந்துவிட்டதா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அதைக் களத்துக்குக் கொண்டுபோய் எஞ்சினை எழுப்புவான். அப்பா கட்டிலைக் களத்து ஓரத்தில் போடச் சொல்லி உட்கார்ந்து கேட்பார். அந்தக் காருக்குள் அவரால் இறங்க முடியாது. ஆனால் ஒலியைக் கேட்டே, "இன்னைக்கு மூணாவது கண்ணு இருமுதுடா" என்பார். அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பான். பெரும்பாலும் அப்பா சொன்னது சரியாகவே இருக்கும். சிகிச்சையில் கால் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. கைத்தடியோடு கொல்லை வரப்பு வரை நடக்கிறார். அதற்கு மருத்துவர்களே காரணம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

மாணவ நண்பர்களே! இதை நான் எழுதுவதற்குக் காரணம் கார் வியாபாரம் அல்ல. நம் வகுப்பில் கவிதை எழுதுகிறவர் இருக்கிறார். கல்வெட்டுப் படியெடுக்கத் திருநாதர் குன்றுக்கு வெயிலில் ஏறுகிறவர் இருக்கிறார். கபடியில் மாவட்ட அணிக்கு ஆடுகிறவர் இருக்கிறார். அவர்களிடம் வீட்டார் சொல்வது ஒன்றே: "அதையெல்லாம் விட்டுட்டு குரூப் தேர்வுக்குப் படி." அவர்கள் திருப்பிச் சொல்வதும் ஒன்றே: "இதுதான் என் உயிர், வேறெதையும் தொடமாட்டேன்." இரண்டு பேச்சிலும் ஒரே வண்டிதான் இருக்கிறது. இரண்டாவது வண்டிக்கு அங்கே இடமில்லை.

எனக்கும் கல்வெட்டுத்தான் ஆசை. வட்டெழுத்தைத் தடவிப் படிக்கும்போது வரும் சிலிர்ப்பை வேறெதுவும் தருவதில்லை. ஆனால் ஆசிரியப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். பள்ளியில் பாடம் நடத்தும் வேலை, என் ஆசை தொழுவத்தில் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளும். அந்த வேலையைத் தாழ்வாக நினைக்க மாட்டேன். அதற்கென்று ஒரு நாடா எடுத்து, என் வீட்டாரின் உயரத்துக்கு அது பொருந்துகிறதா என்று அளந்தே தேர்ந்தெடுப்பேன். கவிஞராகவே மட்டும் வாழ்ந்து வென்றவர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். நம்மில் பெரும்பாலோர் மணிலாக் கொல்லையிலிருந்தும் நெசவுத் தறியிலிருந்தும் வந்தவர்கள். நமக்கு வீட்டையும் இழுக்க வேண்டும், ஓடவும் வேண்டும்.

சீட்டுக் கணக்கில் இன்னும் பல கோடுகள் பாக்கி இருக்கின்றன. அண்ணன் கட்டி முடிக்கும்போது என் பி.எட். சேர்க்கையும் வந்துவிடும் என்று அம்மா கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் இந்த வெள்ளிக்கிழமை முண்டியம்பாக்கம் போக வேண்டும். ஆயாவோடு இன்னும் இருவர் வருகிறார்கள். டயருக்குக் காற்று பார்க்க வேண்டும்.